எந்த மாஸ்டரிடம் சேர்ப்பது: சேலத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றின் ஐந்து ஆசிரியர்களும் அவர்களுடைய பின்னணியும்

சேலத்தில் தற்காப்புக் கலை கற்றுத்தரும் இடங்களுக்குக் குறைவில்லை. பேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டி பகுதிகளில் மாடி அறைகளில் கராத்தேயும் டேக்வாண்டோவும் நடக்கின்றன. அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கம் மாலை வேளையில் காலி மனைகளில் பிள்ளைகள் சிலம்பம் சுற்றுவதைப் பார்க்கலாம். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், மாதக் கட்டணம் எவ்வளவு, வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, அலமாரியில் அடுக்கியிருக்கும் கோப்பைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கற்றுத்தருபவர் யாரிடம் கற்றவர், எத்தனை காலம் கற்றவர், அவருக்குச் சான்றிதழ் கொடுத்தது யார், குழந்தைகளுக்குச் சொல்லித்தர அவர் எங்கே பழகினார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. ஆனால் ஒரு குழந்தை கராத்தே கற்கிறதா சிலம்பம் கற்கிறதா என்பதைவிட, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் யார் கையில் அது பழகுகிறது என்பதே பெரிய விஷயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் மகளுக்கு இப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் நேரத்தில், எங்கள் பகுதியில் உள்ள ஒரு பயிற்சிக்கூடத்தில் அவளைச் சேர்ப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். அங்கே வெவ்வேறு பின்னணி கொண்ட ஐந்து பேர் வகுப்பெடுக்கிறார்கள். மாதக் கட்டணம் எல்லா வகுப்புக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். எந்த வகுப்பு என்பதைப் பெற்றோரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆகவே தூரத்தையும் கட்டணத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஆசிரியர்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு அமைந்தது. ஒவ்வொருவருடைய வகுப்பையும் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டேன். அவர்கள் தனிமனிதர்கள் என்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன். இதே வகைப் பின்னணி கொண்டவர்களை நம் ஊரில் வேறு பல கூடங்களிலும் பார்க்கலாம்.

கூடத்தை நிறுவி நடத்துபவர் கராத்தே மாஸ்டர். வயது ஐம்பதைத் தாண்டியவர். கோஜு ரியூ பாணியில் ஐந்தாம் டான் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. டான் என்பது கறுப்பு பெல்ட்டிலிருந்து தொடங்கும் படிநிலை. இதை எடைபோடுவதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். கராத்தே ஒகினாவா தீவில் வளர்ந்த கலை. கிச்சின் ஃபுனகோஷி 1922-இல் அதை டோக்கியோவில் செய்து காட்டினார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1883-இலிருந்து தம் மாணவர்களுக்கு வழங்கிவந்த டான் வரிசையை ஒட்டி, 1924-இல் ஃபுனகோஷியும் தம் மாணவர்களுக்கு முதன்முதலாக டான் வழங்கினார். பிறகு ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று பாணிகள் தனித்தனியே நிலைபெற்றன. ஒவ்வொரு பாணிக்குள்ளும் பல அமைப்புகள் தோன்றின. ஒவ்வொரு அமைப்பும் தானே தேர்வு நடத்தித் தானே டான் கொடுக்கிறது. எல்லா டானையும் சரிபார்க்கும் ஒரே தலைமையிடம் கராத்தேயில் கிடையாது. இரண்டு பேர் தங்களை ஐந்தாம் டான் என்று சொல்லிக்கொள்வதால் மட்டும் இருவரும் ஒரே படியில் நிற்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. கொடுத்தது யார், தேர்வு செய்தது யார், இரண்டு டான்களுக்கு நடுவில் எத்தனை ஆண்டு இடைவெளி என்று பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு வரும்.

சான்றிதழ்களைக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. கேட்டதும் அவர் முகம் சுளிக்கவில்லை. பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்திருந்த ஃபைலை எடுத்து வந்து மேசைமேல் விரித்தார். முதல் மூன்று டான்களும் அவர் பாணியின் தலைமை அமைப்பைச் சேர்ந்த தேர்வாளர்கள் கையெழுத்திட்டவை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில ஆண்டுகள் இடைவெளி இருந்தது. நான்காவதும் ஐந்தாவதும், பிற்பாடு அவரே நிர்வாகியாக இருந்து தொடங்கிய ஒரு சங்கத்தின் பெயரில் இருந்தன. தலைமை அமைப்போடு கருத்து வேறுபாடு வந்து பிரிந்துவிட்டதாக அவரே சொன்னார். சங்கங்கள் இப்படிப் பிரிவது இந்தியக் கராத்தே உலகில் புதிதல்ல. என் கணக்கில் அவரை மூன்றாம் டான் பெற்று, அதன்பின் நீண்ட காலம் விடாமல் சொல்லிக்கொடுத்துவரும் ஆசிரியராக எடுத்துக்கொண்டேன். அது சிறிய தகுதியே அல்ல. பிறர் சோதித்துக் கொடுத்த மூன்றாம் டான், சொந்தச் சங்கத்தில் வாங்கிய ஐந்தாம் டானைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது.

அவரிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று கிரேடிங்கை, அதாவது அடுத்த பெல்ட்டுக்கான தேர்வை, அவர் நடத்தும் முறை. வெள்ளை பெல்ட்டுக்கும் கறுப்பு பெல்ட்டுக்கும் நடுவில் எட்டு முதல் பத்துப் படிகள் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேர்வுக் கட்டணம் வாங்கிக்கொண்டு நிறத்தை மாற்றிக் கொடுத்தால் எட்டு வயதில் சேர்ந்த குழந்தை பதினொரு வயதுக்குள் பிளாக் பெல்ட் ஆகிவிடும். அந்த பெல்ட்டை நம்பி அந்தக் குழந்தை எங்காவது துணிந்து நின்றால் ஆபத்து அதற்குத்தான். இவருடைய கூடத்தில் பதினாறு வயதுக்கு முன் பிளாக் பெல்ட் கிடையாது. தேர்வில் தவறியவர்களுக்கு அடுத்த முறை கட்டணமும் கிடையாது. சான்சின் என்ற கட்டாவை (வரிசையாகக் கோத்த அசைவுகளின் தொகுப்பு) அவர் சொல்லித்தரும் அழகைப் பார்க்க வேண்டும்: மூச்சும் நிலையும் ஒன்றாக வர வேண்டிய அந்தக் கட்டாவில், பிள்ளைகளின் பின்னால் மெதுவாக நடந்து போய், குதிகால் தரையை விட்டு எழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார், எழுந்திருந்தால் பேசாமல் அங்கேயே நின்றுவிடுகிறார், பிள்ளை தானாகவே காலைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் இந்தக் கவனம் பச்சை பெல்ட்டுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை அவர் வரிசையின் முன்னால் நின்று எண்ணிக்கை சொல்லிப் பழக்குகிறாரே தவிர, ஒவ்வொருவராகப் பார்ப்பதற்கு நேரமில்லை. அந்த வேலை உதவி ஆசிரியர்களுடையது. வாசல் பலகையில் இருக்கும் தகுதி ஒருவருடையது, குழந்தையின் கையைப் பிடித்துச் சொல்லித்தருபவர் வேறொருவர் என்ற இந்த நிலை பல கூடங்களில் உண்டு. சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, வெள்ளை பெல்ட் வகுப்பை உண்மையில் யார் எடுக்கிறார்கள் என்பதுதான்.

டேக்வாண்டோ பயிற்சியாளருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பல்கலைக்கழக அணியில் ஆடியவர். சான்றிதழைச் சரிபார்ப்பது டேக்வாண்டோவில் எளிது: ஒலிம்பிக் வழியிலான டேக்வாண்டோவில் டான் கொடுப்பது, 1972-இல் சியோலில் திறக்கப்பட்ட குக்கிவொன் என்ற தலைமையகம். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே டான் கிடையாது, பூம் என்ற தனிச் சான்றிதழ்தான். முதல் டான் பெற்றவர் நான்காம் டானை அடைய ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுகள் என்று குறைந்தது ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டும். இவர் இரண்டாம் டான். சான்றிதழைத் தயங்காமல் காட்டினார். பலகையில் அவர் பெயருக்குப் பின்னால் என்.ஐ.எஸ். என்று இருக்கிறது. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தைக் குறிக்கும் எழுத்துகள் அவை. அங்கே பயிற்சியாளர்களுக்கு முழுநேரப் பட்டயப் படிப்பும் இருக்கிறது, ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது. இரண்டையும் முடித்தவர்கள் ஒரே மூன்றெழுத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். இவருடையது ஆறு வாரப் படிப்பு. அந்த ஆறு வாரம் வீண்போகவில்லை என்பது வகுப்பைப் பார்த்தாலே தெரிகிறது: உடலைச் சூடேற்றாமல் ஓர் உதைகூட இல்லை, ஒவ்வொரு பிள்ளையின் உயரம், எடை, அடிபட்ட விவரம் எல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். மற்ற நால்வரில் ஒருவர்தான் அப்படிச் செய்கிறார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் போட்டியில் வளர்ந்தவர் போட்டிக்கே பழக்குகிறார். டேக்வாண்டோ 2000-ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் முழுப் பதக்க விளையாட்டாக இருக்கிறது. கராத்தே டோக்கியோவில் ஒருமுறை இடம்பெற்றதோடு சரி, 2024 பாரிஸிலும் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலஸிலும் இல்லை. விளையாட்டில் மேலே போக வேண்டும் என்ற ஆசையுள்ள பிள்ளைக்கு இது பெரிய வேறுபாடு. டேக்வாண்டோ விதிப்படி குத்துக்கு ஒரு புள்ளி, உடல் கவசத்தில் விழும் உதைக்கு இரண்டு, தலையில் விழும் உதைக்கு மூன்று, சுழன்று தலையில் உதைத்தால் ஐந்து. புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பயிற்சியும் போகும். பத்து வயதுப் பிள்ளைகள்கூட உயரத்தில் உதைப்பதற்காகக் காலை விரித்து அழுத்திப் பழகுகிறார்கள், கையால் தடுக்கும் பழக்கம் குறைவாகவே இருக்கிறது. இதைவிட என்னை உறுத்தியது எடைப் பிரிவு. போட்டி நெருங்கும் வாரத்தில், இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி அவர் ஒரு பையனிடம் சொல்வதைக் கேட்டேன். வளரும் பிள்ளையை எடை குறைக்கச் சொல்வதை நான் எந்தப் பதக்கத்துக்காகவும் ஏற்க மாட்டேன். இதை அவரிடமே சொன்னபோது, மாவட்ட அளவில் எல்லோரும் செய்வதுதான் என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

சிலம்ப வாத்தியார் இவர்கள் எல்லோரிலிருந்தும் வேறுபட்டவர். அறுபதைக் கடந்த அவர், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்து, தாய்மாமனிடமும் பின்னர் மாமனுடைய ஆசானிடமும் கற்றவர். சான்றிதழ் என்று காட்ட அவரிடம் எதுவும் இல்லை. தன் ஆசான் பெயரையும் அவருடைய ஆசான் பெயரையும் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார். காகிதம் இல்லாதவருடைய தகுதியை எப்படி எடைபோடுவது என்பது நியாயமான கேள்வி. அவருடைய பழைய மாணவர்களைப் பார்ப்பதுதான் வழி. அவரிடம் இளம் வயதில் பழகிய இருவர் இன்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து அவர் முன்னால் கம்பு பிடிக்கிறார்கள். ஒருவர் தன் மகனையும் அழைத்து வருகிறார். ஓர் ஆசிரியரைப் பற்றி இதைவிட நம்பகமான சான்றிதழ் எனக்குத் தெரியாது.

கூடத்துக்குப் பின்னால் உள்ள மண் தரையில்தான் அவருடைய வகுப்பு. புதிதாக வந்த பிள்ளை கையில் அவர் கம்பைக் கொடுப்பதே இல்லை. மண்ணில் கம்பு நுனியால் கோடு கிழித்து, கால் வைக்க வேண்டிய இடங்களுக்குப் புள்ளி வைத்து, முதலில் காலடி வரிசைதான். ஒரு சிறுமி மற்றவர்கள் சுற்றும் கம்பையே பார்த்துக்கொண்டு தடுமாறியபோது, "கம்பு எங்கயும் போயிடாது கண்ணு, மொதல்ல கால் எங்க இருக்குன்னு பாரு" என்றார். அடுத்த சுற்றில் அவள் கால் தவறாத இடத்தில் நிறுத்தி, அந்தத் தடத்தையே அவளுக்குக் காட்டினார். சிமெண்ட் தரையில் தடம் பதியாது என்பதால்தான் மண்ணை விடாமல் வைத்திருப்பதாகப் பிறகு சொன்னார். கம்பு பிள்ளையின் நெற்றி உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் அளந்து தனித்தனியாக வெட்டி வைத்திருக்கிறார். காலடி நன்றாகப் பதிந்தபிறகு ஒற்றைக் கம்பு, பிறகு இரட்டைக் கம்பு, மான்கொம்பு, வாள்வீச்சு. சுருள்வாளைப் பதினெட்டு வயதுக்குமுன் தொடவே விடுவதில்லை.

சிலம்பத்துக்கு இன்று அரசின் ஆதரவும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டுப் பட்டியலில் 2021-இல் சிலம்பம் சேர்க்கப்பட்டது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அது உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் செயல்விளக்க விளையாட்டாகக் களம் கண்டது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு நடத்தும் போட்டியின் சான்றிதழுக்குத்தான் அந்த ஒதுக்கீட்டில் மதிப்பு. வாத்தியாருக்கு அந்த அலுவல்களில் ஈடுபாடு இல்லை. அவருடைய மாணவர் ஒருவர்தான் பதிவு, விண்ணப்பம் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். இன்னொரு குறையும் உண்டு. சுளுக்கு, வீக்கம் எதுவானாலும் எண்ணெய் போட்டுத் தாமே நீவிவிடுகிறார். சுளுக்குக்குச் சரி; எலும்பு முறிவாக இருந்தால் நீவுவது கேடாக முடியும். வீக்கம் வந்தால் கையை வைக்காமல் முதலில் எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட வேண்டும் என்று அவரிடம் மரியாதையாகச் சொன்னேன். "நீங்க சொல்றது சரிதாங்க அம்மா" என்று ஒப்புக்கொண்டார், ஆனாலும் அவர் கை சும்மா இருக்குமா என்பது எனக்கு ஐயம்தான்.

நான்காமவர் காவல்துறையில் பயிற்சி அளிப்பவராக இருந்து ஓய்வுபெற்றவர். சனிக்கிழமை மாலையில் பெண்களுக்கான தற்காப்பு வகுப்பு எடுக்கிறார். அவருடைய முழு அனுபவமும் வயதுவந்தவர்களுக்குச் சொல்லித்தந்தது. ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்கு அவரைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் கல்லூரிக்கும் வேலைக்கும் போய் இரவில் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி வீடு திரும்பும் பெண்களுக்கு, இந்த ஐவரில் இவர்தான் முதல் தேர்வு. கட்டா இல்லை, பெல்ட் இல்லை. இடைவெளி விட்டு நிற்பது, குரல் எழுப்புவது, கையைப் பிடித்தால் விடுவித்துக்கொண்டு ஓடுவது என்று சிலவற்றையே திரும்பத் திரும்பப் பழக்குகிறார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் தற்காப்பு உரிமை பற்றிய பிரிவுகள் 34 முதல் 44 வரை உள்ளன என்பதையும், தேவைக்கு மேல் தாக்குவதை அந்த உரிமை காக்காது என்பதையும் வகுப்பிலேயே விளக்குகிறார். சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லாவது சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஐந்தாமவரின் பெயர் வாசல் பலகையில் இல்லை. கராத்தே மாஸ்டரிடமே சிறுவயதில் சேர்ந்து, அவரிடமே முதல் டான் வரை வந்த இளம்பெண் அவர். உடற்கல்வியில் பட்டம் பெற்று, பகலில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறார். மாலையில் வெள்ளை, மஞ்சள் பெல்ட் பிள்ளைகளின் வகுப்பு முழுவதும் இவர் பொறுப்பு. டான் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால், டான் பெற்றவர்களில் கீழே இருப்பவர் இவர்தான். ஆனால் நாள் முழுவதும் பள்ளியில் பிள்ளைகளோடு இருப்பவர் என்பதால், எந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் கவனம் நிற்கும், யார் கூச்சத்தால் ஒதுங்குகிறார்கள், யார் சோர்ந்துவிட்டார்கள் என்பதைப் பார்த்த உடனே புரிந்துகொள்கிறார். நான் பார்த்த வகுப்பில், தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பையனை வரிசையின் கடைசியிலிருந்து நடுவுக்கு மாற்றினார். கடைசியில் நிற்பவனுக்குப் பார்த்துச் செய்ய ஆள் இருப்பதில்லை, நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது கண்ணில் படுவார்கள் என்று காரணம் சொன்னார். பிள்ளையின் தோளையோ இடுப்பையோ தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால், தொடலாமா என்று கேட்டுவிட்டே தொடுகிறார். மற்ற நால்வரிடமும் நான் காணாத பழக்கம் அது. பிள்ளைகளின் விவரங்களை நோட்டில் எழுதி வைப்பவர் என்று மேலே குறிப்பிட்டது இவரைத்தான்.

எல்லோரிடமும் கேட்ட கேள்விகளில், ஆளுக்கு ஆள் விடை வெகுவாக வேறுபட்டது ஒன்றே ஒன்றில்தான். ஓடும்போதும் குதிக்கும்போதும் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பத்திலிருந்து பதினைந்து வயதுவரை விளையாடும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் வலி இது; எலும்பு வேகமாக வளரும் காலத்தில், தொடைத் தசையின் நாண் அது பற்றியிருக்கும் எலும்பு முனையை இழுத்துக்கொண்டே இருப்பதால் வருவது; பயிற்சியைக் குறைத்தால் பெரும்பாலும் தானாகவே அடங்கும். கராத்தே மாஸ்டர், குதிரை நிலையில் கூடுதல் நேரம் நின்று பழகினால் கால் பலப்பட்டு வலி போய்விடும் என்றார். டேக்வாண்டோ பயிற்சியாளர் பனிக்கட்டி வைத்துக் குதிப்பதை நிறுத்துவேன் என்று சரியாகவே சொன்னார்; போட்டி வரும் வாரமாக இருந்தால் முழங்கால் உறை போட்டு ஆட வைப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னார். ஓய்வுபெற்ற காவலர் இரண்டு நாள் ஓய்வு போதும் என்றார். வாத்தியார், வலிக்கிற காலோடு காலடி பழகினால் தப்பாகவே பதிந்துவிடும், ஆகவே உட்கார வைத்துவிடுவேன் என்றார். உடற்கல்வி படித்த அந்த ஆசிரியை, வலிக்கான காரணத்தை எனக்கு விளக்கிவிட்டு, குதிப்பதையும் ஆழமாகக் குந்துவதையும் நிறுத்தி, கைப்பயிற்சியை மட்டும் தொடர வைத்து, இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன் என்றார். பின்னணி என்று நாம் சொல்வது கண்ணெதிரே தெரிந்த இடம் அது. கற்ற காலத்தில் ஒருவருக்கு வலி எப்படிச் சொல்லித்தரப்பட்டதோ, அப்படித்தான் அவர் நம் பிள்ளையின் வலியையும் பார்க்கிறார்.

பாதுகாப்பு பற்றிச் சுற்றிவளைக்காமல் கேட்டுவிட வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது பெண்பிள்ளைகளோடு யார் போகிறார்கள், தனி வகுப்பு எடுத்தால் கதவு திறந்திருக்குமா, உடை மாற்றும் அறை எங்கே என்று கேட்டதற்கு எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அதுவே விடை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைப்பது தனிக் குற்றம். கூடத்தின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இங்கே பெண் ஆசிரியை இல்லாமல் பெண்பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புவதில்லை என்று மாஸ்டர் தெளிவாகச் சொன்னார். குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அது பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டப்பட்டிருப்பது எனக்கு மனநிறைவைத் தந்தது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இவ்வளவு தேர்வுகள் கிடையாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வாரத்துக்கு ஒருமுறை மேலே போய் வகுப்பெடுத்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடும் மாஸ்டர்தான் கிடைப்பார். அங்கே அவருடைய டானை ஆராய்வதைவிட, மீதி ஆறு நாளும் பிள்ளைகளைப் பழக வைக்கப் போவது யார் என்று கேட்பது பயன்தரும். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் அந்த வகுப்பில் கூடவே நின்று கற்றுக்கொள்கிறார் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பார்த்துச் செய்வது முதல் ஆண்டில் நிலைகளைத் தவறாகவே பதியவைக்கும்.

எங்கள் முடிவு: மகளை அந்த உடற்கல்வி ஆசிரியையின் வகுப்பில் சேர்க்கிறோம். மாஸ்டருடைய கிரேடிங் ஒழுங்கு அந்த வகுப்புக்கும் பொருந்தும் என்பது கூடுதல் பலம். அவள் ஏழாம் எட்டாம் வகுப்புக்கு வந்து, பொறுமையாகக் காலடி பழகும் வயது வந்ததும் வாத்தியாரிடம் சிலம்பம் கற்க வேண்டும் என்பது என் ஆசை. ஐவரில் கலையின் ஆழம் அவரிடம்தான் அதிகம் என்று நினைக்கிறேன், ஆனால் பத்து வயதில் அந்த ஆழத்தை வாங்கிக்கொள்ளும் பொறுமை என் மகளிடம் இல்லை. எதிர்வீட்டுப் பையனுக்குப் பதினைந்து வயது. பதக்க ஆசை உண்டு, உடற்கட்டும் உண்டு. எடைக்காகச் சாப்பாட்டைக் குறைக்க விட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு டேக்வாண்டோ பயிற்சியாளரிடம் சேர்க்கும்படி அவன் அப்பாவிடம் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகளைச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சேர்க்கை விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இரண்டு நிபந்தனைகளை எழுதி, மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். ஆசிரியை தகுதி என்று சொல்லாமல் எங்கள் மகளை கிரேடிங்குக்கு அனுப்பக் கூடாது என்பது ஒன்று. அந்த ஆசிரியை வேலையை விட்டுப் போனாலோ வகுப்பு வேறொருவரிடம் மாறினாலோ எங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், நாங்கள் புதியவரின் வகுப்பைப் பார்த்த பிறகே அடுத்த மாதக் கட்டணம் கட்டுவோம் என்பது இன்னொன்று. வகுப்பு ஜூன் முதல் வாரத்தில் தொடங்குகிறது.